நாடு கொதிக்கும்போது பூவைப் பார்த்து நிற்பது தப்பா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: தேர்தல், கைது, கலவரம், புதுச் சட்டம் என்று காலை எழுந்ததிலிருந்து செய்தியிலேயே இருக்கிறீர்கள். இரவில் தூக்கம் வருவதில்லை. பார்க்காமல் விட்டாலோ பொறுப்பைத் தட்டிக்கழித்த மாதிரி இருக்கிறது. மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தாலும், ஒரு பாட்டைக் கேட்டாலும், 'ஊர் இருக்கிற இருப்பில் இது ஒரு கேடா' என்று மனசு குத்துகிறது. அப்பாவோடு பேச உட்கார்ந்தால் அது கட்சிச் சண்டையில்தான் போய் முடிகிறது. இந்த நேரத்தில் அமைதியையும் அழகையும் தேடுவது சுயநலமா, இல்லையென்றால் எப்படித் தேடுவது?

சுயநலம் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அரசியலின் முழு வெப்பத்தையும் தாங்கியவர்களின் சிறை நாட்களைப் படித்துப் பாருங்கள். செடி நட்டிருப்பார்கள், பறவைக்குத் தீனி வைத்திருப்பார்கள், நிலாவைக் கணக்கு வைத்திருப்பார்கள். அரசியலிலிருந்து ஒதுங்கியவர்கள் இதைச் செய்திருந்தால் தப்பித்தல் என்று சொல்லலாம். இவர்கள் ஒதுங்கியவர்கள் இல்லை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் இடம் அகமதுநகர் கோட்டை. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியும் முன்பே கைதுகள் தொடங்கிவிட்டன. காங்கிரஸ் செயற்குழு உறுப்பினர்கள் 12 பேரை அகமதுநகர் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள். அப்போதைய காங்கிரஸ் தலைவர் அபுல் கலாம் ஆசாத், நேரு, படேல், கோவிந்த் வல்லப் பந்த், ஆச்சார்ய கிருபளானி, பட்டாபி சீதாராமையா ஆகியோர் அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தவர்கள். ஆரம்ப நாட்களில் செய்தித்தாள்கூடக் கிடையாது. வெளியே தண்டவாளங்கள் பெயர்க்கப்படுகின்றன, துப்பாக்கிச் சூடு நடக்கிறது, தொண்டர்கள் சாகிறார்கள். அந்தப் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர்கள் நான்கு சுவருக்குள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் கையாலாகாத உணர்வு அவர்களுக்கு எத்தனை மடங்கு இருந்திருக்கும்!

நேரு அங்கே மண்வெட்டியை எடுத்தார். கோட்டைக்குள் இருந்த மண் மோசமான மண். கல்லும், பழைய கட்டடங்களின் இடிபாடுகளும் நிறைந்தது. வெயில் உறைக்கும் நேரத்திலும் மணிக்கணக்காக அதைக் கொத்திப் பூப்பாத்தி போட்டதாக, அந்தச் சிறையிலேயே 1944இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தில் சொல்கிறார். மாதங்கள் போவதை நிலாவை வைத்துத்தான் அவர் எண்ணினார். சிறை வாழ்க்கையில் நிலா தனக்கு நெருங்கிய துணை ஆகிவிட்டது என்பார். அதற்கும் முன்னால், லக்னோ சிறையில் அசையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். அணில் காலில் ஏறி, முழங்காலில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்குமாம். பிறகு கண்ணைப் பார்த்ததும், இது மரம் இல்லை என்று புரிந்துகொண்டு ஓடிவிடுமாம். அணிலுக்கே சந்தேகம் வராத அளவுக்கு ஒருவர் அசையாமல் இருந்திருக்கிறார். அந்த அசையாமையை அவருக்குத் தந்தது ஒரு புத்தகம்.

ஆசாத்தின் கதை இன்னும் ஆழமானது. அவர் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். தானே சீனத்துத் தேயிலையில் தேநீர் போட்டு, ஒவ்வொரு மிடறாகக் குடித்துக்கொண்டே ஒரு நண்பருக்கு உருதுவில் கடிதம் எழுதுவார். அனுப்ப முடியாது என்று தெரிந்தே எழுதிய கடிதங்கள் அவை. விடுதலைக்குப் பிறகு 1946இல் நூலாக வந்தன. அதில் சிட்டுக்குருவிகளைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். அவருடைய அறையின் கூரையில் குருவிகள் கூடு கட்டிக் குப்பை கொட்டிக்கொண்டே இருந்தன. முதலில் விரட்டிப் பார்த்தார். விரட்ட விரட்ட அவை திரும்பி வந்தன. கடைசியில் சமாதானத்துக்கு இறங்கி, அரிசி தூவ ஆரம்பித்தார். முதலில் எட்ட நின்று கொத்திய குருவிகள் நாள் போகப் போக நெருங்கி வந்து, ஒருகட்டத்தில் கையிலேயே வந்து உட்கார்ந்தன. குஞ்சு ஒன்றுக்குத் தாய்க்குருவி பறக்கக் கற்றுக்கொடுப்பதையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நாட்டின் மிகப் பெரிய கட்சியின் தலைவர், உலகப் போரின் நடுவில், சிறையில் உட்கார்ந்து ஒரு குஞ்சின் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அதே சிறையில் இருக்கும்போதுதான் 1943 ஏப்ரலில் அவருடைய மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் இறந்துபோனார். உடல்நிலை மோசம் என்ற செய்தி முன்பே வந்துவிட்டது. அரசுக்கு ஏதாவது விண்ணப்பம் என்றால் அனுப்பிவைப்பதாகச் சிறை அதிகாரி சொன்னார். ஆசாத் கேட்க மறுத்துவிட்டார். மனைவியைக் கடைசியாகப் பார்க்கவே இல்லை. அந்த நாட்களில் தன் அன்றாட ஒழுங்கு எதையும் மாற்றாமல், சாப்பாட்டு நேரம்கூடப் பிசகாமல் இருந்ததை எழுதுகிறார். உடனே, அந்த அமைதி வெளித் தோற்றம்தான் என்றும் சொல்லிவிடுகிறார். மதியம் செய்தித்தாளோடு வரும் அதிகாரியின் காலடிச் சத்தத்துக்கு நெஞ்சு படபடத்ததையும், அது முகத்தில் தெரியாதபடி காகிதத்தை நிதானமாக வாங்கிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

இந்தப் பகுதியை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தேநீரும் குருவியும் அவருடைய துக்கத்தைத் தீர்க்கவில்லை. தீர்க்கும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. 'பத்து நிமிடம் பறவை பார்த்தேன், பதற்றம் போகவில்லையே' என்று நினைத்து யாரும் விட்டுவிடக் கூடாது. பதற்றம் இருக்கட்டும். குருவியும் இருக்கட்டும். மனசு அடங்கிய பிறகு ரசித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

உங்களைக் குத்துகிற அந்தக் கேள்விக்கு நான் பார்த்தவரையில் நேரான பதில் ஜெர்மனியின் சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கிடம் இருக்கிறது. முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக ஜெர்மன் அரசு அவரை 1916 ஜூலையில் விசாரணையே இல்லாத 'பாதுகாப்புக் காவலில்' வைத்தது. பெர்லின், வ்ரோங்கே, பிரெஸ்லாவ் என்று சிறை சிறையாக மாற்றினார்கள். 1918 நவம்பரில் புரட்சி வெடித்த பிறகுதான் வெளியே வந்தார். இரண்டு மாதம் கழித்து, 1919 ஜனவரி 15 அன்று, பெர்லினில் கொல்லப்பட்டார். இந்தப் பெண்மணி 1913லிருந்தே செடிகொடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, நோட்டுகளில் ஒட்டிப் பெயர் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். சிறையிலும் அதை விடவில்லை. அந்த நோட்டுகள் இன்றும் வார்சாவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வ்ரோங்கேயில் இருந்தபோது 1917 மே மாதம் தன் தோழி சோஃபி லீப்க்னெக்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், கட்சி மாநாட்டைவிட இந்த மாதிரி ஒரு சின்னத் தோட்டத்தில்தான் தன் வீட்டில் இருப்பதுபோல உணர்வதாகச் சொல்கிறார். தன் உள்மனசு தோழர்களைவிடப் பட்டாணிக்குருவிகளுக்குத்தான் சொந்தம் என்கிறார். அதே மூச்சில், தெருச் சண்டையிலோ சிறையிலோ தன் கடமையைச் செய்தபடியே சாக விரும்புவதாகவும் எழுதுகிறார். இரண்டையும் அவர் மனதாரச் சொன்னார். இரண்டாவது பலித்தும் விட்டது.

1917 டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து அதே தோழிக்கு எழுதியது இன்னொரு கடிதம். இருட்டில், கல் மாதிரி இறுகிய படுக்கையில் படுத்திருக்கிறார். வெளியே காவலாளியின் பூட்ஸ் காலடியில் ஈர மணல் நெரிபடுகிறது. அந்தச் சத்தமே ஓர் அழகான பாட்டுப் போலக் கேட்கிறது என்கிறார். காரணம் இல்லாமல் ஒரு சந்தோஷம் பொங்குகிறது, வெயிலில் பூத்த புல்வெளியில் நடப்பது போல இருக்கிறது என்கிறார். பிறகு அந்தக் கடிதம் வேறு பக்கம் திரும்புகிறது. ருமேனியாவிலிருந்து போர்க் கொள்ளையாகக் கொண்டுவந்த எருமைகளை வண்டியில் பூட்டி, சிறை முற்றத்துக்கு ஓட்டி வருகிறார்கள். வண்டி நிறைய இரத்தக்கறை படிந்த இராணுவ உடைகள். கைதிப் பெண்கள் தைத்துக் கொடுக்க வேண்டியவை. பாரம் தாங்காமல் எருமைகள் தடுமாற, ஒரு சிப்பாய் சாட்டையின் கட்டையால் அவற்றை அடிக்கிறான். எருமைத்தோல் எவ்வளவு தடிப்பு என்று நமக்குத் தெரியும். அந்தத் தோல் கிழிந்து இரத்தம் வழிகிறது. அடிபட்ட ஒரு எருமை, எதற்கு அடித்தார்கள் என்றே தெரியாத குழந்தை அழுது ஓய்ந்த முகத்தோடு நிற்கிறது. ரோசா அதன் எதிரே நிற்கிறார். தன் கண்ணில் வழிந்தது அதனுடைய கண்ணீர் என்று எழுதுகிறார்.

மணல் நெரிபடும் சத்தத்தில் அழகைக் கேட்ட காதும், எருமையின் முகத்தில் குழந்தையைக் கண்ட கண்ணும் ஒரே மனுஷியுடையவை. ஒரு குருவியை நிதானமாகப் பார்க்கப் பழகியவர்தான் ஒரு மிருகத்தின் வலியையும் நின்று பார்க்கிறார். நாள் முழுக்கச் செய்தி பார்க்கிறவர்களுக்கு நேர்வது இதற்கு நேர் எதிர். காலையில் ஓர் ஊரில் ஐந்து பேர் சாவு, பகலில் எட்டு, மாலையில் இன்னொரு ஊரில் பன்னிரண்டு. ராத்திரிக்குள் எண்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன, முகங்கள் மறைந்துவிடுகின்றன. உங்கள் அக்கறை செத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்றால், எதையாவது ஒன்றை முழுசாகப் பார்க்கிற பழக்கம் உங்களிடம் உயிரோடு இருக்க வேண்டும். பூவைப் பார்ப்பதால் அது உயிரோடு இருக்கும் என்றால், பூவைப் பாருங்கள்.

சிறைக்கு வெளியே, சாதாரண மக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். லண்டனில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் அங்கே அரங்கங்களை மூடிவிட்டார்கள். நேஷனல் கேலரியின் ஓவியங்களைக் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பின்னால் அவை வேல்ஸில் மனோட் என்ற ஒரு கற்சுரங்கத்துக்குள் பாதுகாக்கப்பட்டன. சுவர்கள் வெறுமையாக நின்ற அந்தக் கட்டடத்தில் கச்சேரி நடத்தலாமா என்று மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் கேட்டார். கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க், ஒருநாள் எதற்கு, தினமும் நடத்துங்கள் என்றார். முதல் கச்சேரி அக்டோபர் 10 அன்று நடந்தது. கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்று நினைத்தார்கள், வெளியே பெரிய வரிசை நின்றது. அதன் பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை, மதிய உணவு இடைவேளையில், ஒரு ஷில்லிங் கட்டணத்தில், 1946 ஏப்ரல் வரை நடந்தது. மொத்தம் 1,698 கச்சேரிகள். கேட்டவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். குண்டு விழுந்த மாதங்களில் அடித்தளத்துக்கு மாற்றி நடத்தினார்கள், நிறுத்தவில்லை. பாஹ், பீத்தோவன், மொசார்ட் என்று ஜெர்மன் மொழிக்காரர்களின் இசையையும் தாராளமாக வாசித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எதிரி நாட்டு அரசை வெறுத்தார்கள், அந்த நாட்டின் இசையைக் கைவிடவில்லை. 1942இல் மக்கள் கேட்டுக்கொண்டதால், சுரங்கத்திலிருந்து மாதம் ஒரே ஒரு ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மொத்த கேலரியும் திறந்திருந்தபோது யாரும் ஓர் ஓவியத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் செய்திக்கு நேரம் குறியுங்கள். ஆசாத்துக்குச் செய்தித்தாள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. அதனால் அவர் நாட்டைப் பற்றிக் குறைவாகக் கவலைப்பட்டுவிடவில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அதுவும் எழுத்தில். தொலைக்காட்சி விவாதத்தை விட்டுவிடலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. வாட்ஸ்அப் குழுக்களை ஒலியடக்கி வையுங்கள். படுக்கையறைக்குள் போனை எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறம், ரசிப்பதற்கு மட்டும் இல்லாமல், உங்கள் கவனிப்பு தேவைப்படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் சொன்ன எல்லாரிடமும் இதைப் பார்க்கலாம். நேருவுக்குப் பாத்தி, ஆசாத்துக்குக் குருவி, ரோசாவுக்குச் செடி நோட்டு. நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் தோட்டம் போட அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். பல வருஷம் கழித்துச் சுவர் ஓரமாக ஒரு குறுகிய துண்டு நிலம் கிடைத்தது. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கித் தக்காளி, மிளகாய், வெங்காயம் வளர்த்தார். 1982இல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றியதும் அங்கே மாடியில் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி மண் நிரப்பிப் பெரிய காய்கறித் தோட்டமே போட்டார். விளைந்ததை மற்றக் கைதிகளின் சமையலுக்கும் கொடுத்தார், காவலர்களுக்கும் கொடுத்தார். சிறையில் தன் கைக்குள் இருந்த ஒரு சில விஷயங்களில் தோட்டமும் ஒன்று என்று எழுதியிருக்கிறார். அரசியல் கொந்தளிப்பு நம்மிடமிருந்து முதலில் பறிப்பது 'நாம் செய்தால் ஏதாவது நடக்கும்' என்ற நம்பிக்கையைத்தான். தண்ணீர் ஊற்றினால் துளிர்க்கிற ஒன்று அதைக் கொஞ்சம் மீட்டுத் தரும். இயற்கைக் காட்சி வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது கிடைக்காது.

பறவைகளில் ஆர்வம் வந்தால், தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். பொங்கல் விடுமுறை நான்கு நாட்களில், உங்கள் தெருவிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். மைனா, காக்கை, கரிச்சான், தேன்சிட்டு எல்லாமே கணக்கில் வரும். நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்து நிற்பது ஆராய்ச்சிக்கும் உதவுவதால் 'வெட்டியாக நிற்கிறேனோ' என்ற குத்தலும் இருக்காது. இசை பிடிக்கும் என்றால், மார்கழியில் சென்னை சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே வேண்டாம். போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கேட்கும்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கொந்தளிப்பு உங்கள் வாசலுக்கே வந்திருந்தால், வீட்டில் யாரையாவது பிடித்துப் போயிருந்தால், வீடே இடிபட்டிருந்தால், மேலே சொன்னது எதுவும் முதல் வேலை இல்லை. முதல் வேலை வழக்கறிஞர், பாதுகாப்பான இடம், கூட நிற்க ஆள். அந்த நிலையில் இருக்கிறவரிடம் போய்ச் 'செடி வளருங்கள்' என்று சொல்வது கொடுமை. அவருக்கு ஒருவேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும், நீதிமன்றத்தில் பக்கத்தில் உட்காருவதும்தான் நாம் தரக்கூடிய அமைதி. தூக்கமின்மை பல வாரம் நீடித்தால், வேலைக்கே போக முடியவில்லை என்றால், மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக அப்பா. அகமதுநகர் கோட்டையில் இருந்த அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே கருத்துக்காரர்கள் இல்லை. ஆகஸ்ட் தீர்மானத்துக்கு முன்பே ஆசாத்துக்கும் நேருவுக்கும் தயக்கங்கள் இருந்தன, படேல் காந்தியின் பக்கம் உறுதியாக நின்றார். அந்த வேறுபாடுகளோடுதான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே முற்றத்தில் வாழ்ந்தார்கள். உங்கள் அப்பாவின் கட்சியை மாற்ற வேண்டிய அவசியம் இன்றைக்கு இல்லை. கட்சி பேசாத ஒரு நேரம் இருவருக்கும் வேண்டும், அதற்குக் கையில் ஒரு வேலை இருந்தால் நல்லது. மாடியில் இரண்டு தொட்டியில் மண் நிரப்பிச் சிறுகீரை விதையுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். மண் கலவையும் விதை அளவும் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அவரிடமே கேளுங்கள்.